பூட்டிக் கிடக்கும் அறையைக் கேட்டு, கல்வி அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற வாரம் ஆய்வுக்கு வந்தபோது எட்டாம் வகுப்பு அறை தூய்மையாக இருப்பதாகப் பார்வையாளர் பதிவேட்டில் எழுதியிருந்தீர்கள். நன்றி. வகுப்பறைகளில் 'தேவையற்ற பொருட்கள்' இருக்கக் கூடாது என்று முந்தைய நாள் தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த உத்தரவு தங்களுக்குத் தெரிந்ததே. அப்படி அகற்றப்பட்ட ஒரு பொருளைப் பற்றியது இந்த மடல்.

பழைய செய்தித்தாளை மூலைவாட்டில் இறுகச் சுருட்டி, இரண்டரை அடிக்கு வெட்டிய 30 குச்சிகள். முனைக்கு ஐந்து குச்சியாக 12 முனைகள், 20 முக்கோண முகங்கள். ஐகோசாஹெட்ரான் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் 'குண்டு' என்றே கூப்பிட்டார்கள். இதைத் தனி ஆளாகக் கட்டுவது கஷ்டம். ஒருத்தி பிடிக்க வேண்டும், ஒருவன் சைக்கிள் டியூப் துண்டால் கட்ட வேண்டும், எந்த முனையில் ஐந்து சேர்ந்துவிட்டது என்று இன்னொருவர் எண்ண வேண்டும். பன்னிரண்டு முனைக்கு ஐந்தைந்தாக அறுபது குச்சி வேண்டாமா, முப்பதுதானே சுருட்டினோம் என்று நடுவில் சண்டை வேறு. "ஒரு குச்சிக்கு ரெண்டு நுனி இருக்குல்ல" என்றாள், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண். சண்டை அடங்கியது. முகம் 20, முனை 12, கூட்டினால் 32. விளிம்பு 30 போக மிச்சம் 2. எந்தக் குவிந்த திண்மத்துக்கும் இந்த மிச்சம் 2தான் என்னும் ஆய்லர் வாய்பாட்டை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

அப்புறம்தான் உத்தரவு வந்தது. அறை வாசலின் அகலம் மூன்றடி. குண்டு எந்தப் பக்கம் புரட்டினாலும் மூன்றே முக்கால் அடிக்குக் குறையவில்லை. படுக்க வைத்தார்கள், சாய்த்தார்கள், நூல் பிடித்து அளந்தார்கள். எதிரெதிர் முகங்களுக்கு நடுவில்தான் அகலம் மிகக் குறைவு என்று அவர்களே கண்டுபிடித்தார்கள், அதுவும் போதவில்லை. கனசதுரமாக இருந்தால் மூட்டுகளில் மடங்கிச் சப்பையாகியிருக்கும், கொண்டுபோயிருக்கலாம். முக்கோணங்களால் கட்டியது மடங்காது. அடுத்த வகுப்பில் நான் நடத்த இருந்த பாடமே அதுதான். வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கட்டிய பிள்ளைகள் கையிலேயே கத்தரிக்கோலைக் கொடுத்தோம்.

நான் கேட்பது ஓர் அறை. வடக்குக் கோடியில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறோமே, அந்த அறை. அவற்றைக் கழிவு செய்ய அனுமதி கேட்டுத் தலைமையாசிரியர் எழுதிய கடிதங்கள் தங்கள் அலுவலகத்தில்தான் இருக்கின்றன. உடைந்த பெஞ்சுக்கு ஓர் அறை உண்டு, பிள்ளைகள் கட்டியதை ஒரு வாரம் வைக்க இடமில்லை என்பது எங்களுக்குப் புரியவில்லை.

கணித உபகரணப் பெட்டி கொடுத்திருக்கிறோமே என்பீர்கள். உண்மைதான். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் உருவங்கள் அதில் இருக்கின்றன. ஒன்று தொலைந்தாலும் இருப்புப் பதிவேட்டுக்கு நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதால் பெட்டி பீரோவில் பத்திரமாக இருக்கிறது. செயல்வழிக் கற்றலுக்கும் குறையில்லை: பயிற்சி வகுப்பில் நாள் முழுக்க உட்கார்ந்து திரையில் அதைப் பார்க்கிறோம். செய்ததற்குச் சான்றாகப் புகைப்படம் ஏற்றச் சொல்கிறீர்கள், ஏற்றுகிறோம். குண்டின் படத்தையும் ஏற்றியிருக்கிறேன். 'மிக நன்று' என்று தங்கள் அலுவலகத்திலிருந்தே பதில் வந்தது. அது வந்தபோது குண்டு குப்பைத் தொட்டியில் இருந்தது.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

அந்த அறையைத் திறந்து தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கூடவே வாரத்தில் ஒரு நாள் கணிதத்துக்கு இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துத் தர இசைவளித்தால் நல்லது. முதல் மணிக்குள் குச்சி சுருட்டி முடிக்கவே நேரம் சரியாகிவிடுகிறது. அடுத்து 12 ஐங்கோணங்களால் ஆன திண்மத்தைக் கட்டப் போகிறோம். அதற்கும் 30 குச்சிதான், ஆனால் தூக்கி நிறுத்தினால் நிற்காமல் சரியும். ஏன் சரிகிறது, எங்கே குறுக்குக் குச்சி கொடுத்தால் நிற்கும் என்று பிள்ளைகள் தேட இரண்டு மூன்று நாளாவது அது கலையாமல் இருக்க வேண்டும். பருவ விடுமுறை முடிவதற்குள் அறைக்கான ஆணை கிடைத்தால் பெஞ்சுகளை நாங்களே அப்புறப்படுத்திக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர், அரசு உயர்நிலைப் பள்ளி