கைநாட்டு வைக்காத தாத்தா

அன்பு மாப்ளே,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. இங்கே எல்லாரும் சுகம். 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வருமா வராதா என்பதுதான் உசிலம்பட்டி டீக்கடைகளில் இப்போதும் பேச்சு. அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை.

பாப்பாவுக்கு விடுதியில் நடப்பதை எழுதியிருந்தாய். சாதியைச் சொல்லிக் கேலி செய்வதும், தட்டைத் தனியாக வைப்பதும்... படிக்கவே கை நடுங்கியது. அதைவிட, கடைசியில் நீ எழுதிய வரிதான் என்னைத் தூங்க விடவில்லை. "நாம் படாததா? பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கட்டும், கஷ்டம்தான் ஆளை உருவாக்கும்" என்கிறாய். இதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என் தாத்தாவை உனக்கு ஞாபகம் இருக்கும். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டு, நம் இருவரையும் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வாரே, அவர்தான். நமக்குப் பத்து வயது இருக்கும்போது கூட்டுறவுச் சங்கத்தில் உழவுக் கடன் வாங்கப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். எழுத்தர் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். தாத்தா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் வலது கையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு, "கடன் வேண்டாம், வாடா" என்று இறங்கி நடந்துவிட்டார். அன்று ராத்திரியே என் சிலேட்டைக் கேட்டார். அவர் பேரில் உள்ள 'ரா' மட்டும் பிடிபட நாலு நாள் ஆனது. மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய விரலுக்குள் பலப்பம் நிற்காது, உடைந்துகொண்டே இருக்கும். மூன்று மாசம் கழித்து அதே சங்கத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கினார்.

காரணம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ரேகைச் சட்டம். 1911இல் புதுப்பிக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். கள்ளர் சாதியில் பிறந்ததற்காகவே பத்து விரலையும் உருட்டி எடுத்துக்கொள்வார்கள். ராத்திரியானால் ஆம்பளைகள் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். அதில் ஒருத்தி மாயக்காள். குண்டடி பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் என்று ஊரில் சொல்வார்கள். சட்டம் தொலைந்தது 1947இல்தான்.

இப்போது கேள். தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தார். அதே வீடு, அதே சட்டம், அதே சாவடி. பெண்டாட்டிக்குப் பிரசவ வலி எடுத்த ராத்திரி சாவடிக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார். ஆறு மாசம் ஜெயில். வெளியே வந்தபோது பிள்ளையும் இல்லை, பெண்டாட்டியும் இல்லை. அப்புறம் அவர், ஏட்டில் அவரை என்னவென்று எழுதி வைத்திருந்தார்களோ அதுவாகவே ஆகிப்போனார். எங்கே செத்தார் என்றுகூடத் தெரியாது. வீட்டில் அவர் பேச்சையே எடுக்க மாட்டார்கள். கஷ்டம்தான் ஆளை உருவாக்கும் என்றால் அவரை என்ன கணக்கில் சேர்ப்பாய், மாப்ளே?

தாத்தாவுக்கு வேறு வழி திறந்தது. அப்பாவைக் கள்ளர் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடிந்தது. அந்தப் பள்ளிகளைத் தொடங்கியது அதே வெள்ளைக்கார சர்க்கார்தான், எங்களைத் 'திருத்த' வந்த நினைப்பில். அந்த நினைப்பு இன்றைக்கும் எனக்குக் கசக்கிறது. ஆனாலும் அப்பா அங்கே படித்தார், பிறகு நான் அதே பள்ளியில் வாத்தியாராக 30 வருஷம் இருந்தேன். வழக்கென்று வந்தபோது துணைக்கு நிற்க மதுரையில் ஜார்ஜ் ஜோசப் இருந்தார். செங்கன்னூரில் பிறந்த பாரிஸ்டர், நம் மக்களுக்கு ரோசாப்பூ துரை. ஒத்துழையாமை இயக்கத்தில் வக்கீல் தொழிலை விட்டு ஜெயிலுக்கும் போனவர். அவருக்கும் நம் ஊருக்கும் என்ன உறவு? ஆனாலும் வந்து நின்றார். யானைக்கல் பக்கம் போனால் அவர் சிலையைப் பார்க்காமல் நான் திரும்புவதில்லை.

நீயும் நானும் அடி வாங்கியதால் மேலே வரவில்லை. எட்டாம் வகுப்பில் உன்னை வெளியே நிற்க வைத்தார்களே, அன்றைக்கு நம் கணக்கு சார் உன் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முதல் பெஞ்சில் உட்கார வைத்தாரே, அதை மறந்துவிட்டாயா? அவர் மட்டும் இல்லையென்றால் நீ அன்றோடு படிப்பை விட்டிருப்பாய். நீயே எத்தனை தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாய்.

பாப்பாவுக்கு இப்போது அப்படி ஒரு கை வேண்டும். தாங்கிக்கொள் என்று அவளிடம் சொல்லாதே. அவள் சொல்வதைத் தேதி போட்டு எழுதச் சொல். வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் கோயம்புத்தூர் வருகிறேன். சனிக்கிழமை காலையில் நாம் இரண்டு பேரும் போய்க் கல்லூரி முதல்வரைப் பார்ப்போம், எழுத்தில் புகார் கொடுப்போம். அதுவரை தினமும் அவளுக்குப் போன் போடு. மாமா வருகிறார் என்று சொல்.

தங்கச்சியை எனக்காகச் சமைக்க வேண்டாம் என்று சொல். பஸ் ஸ்டாண்டிலேயே இட்லி சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

அன்புடன்,
உன் மச்சான்