கேட்கும் முகம்

அன்புள்ள ராகவா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா கைத்தடி இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டார் என்று படித்ததும் பெரிய நிம்மதி.

இனி நீ எழுதும் குறும்படத்தைப் பற்றி. முன்பின் தெரியாத இரண்டு பேர், ஒரே இரவு, முழுக்கப் பேச்சு. ஆனால் நாலாம் பக்கத்திலேயே அலுப்புத் தட்டுகிறது என்கிறாய். ரிச்சர்ட் லிங்க்லேட்டர் இயக்கிய ‘பிஃபோர் சன்ரைஸ்’ (1995) படத்தைக் கையில் பேனாவோடு இன்னொரு தடவை பார். எல்லோரும் அதன் வசனத்தைப் புகழ்கிறார்கள். நான் மயங்குவது, ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கிற விதத்தில்.

தொடக்கத்தையே எடுத்துக்கொள். ரயிலில் ஒரு தம்பதி ஜெர்மன் மொழியில் சண்டை போடுகிறார்கள். அந்தச் சத்தம் தாங்காமல்தான் நாயகி செலின் இடம் மாறி நாயகன் ஜெஸ்ஸி இருக்கும் பக்கம் வருகிறாள். வயதாக ஆக ஆணுக்கு உயர்ந்த சுருதியும் பெண்ணுக்குத் தாழ்ந்த சுருதியும் கேட்காமல் போகுமாமே என்பதுதான் அவர்களுடைய முதல் பேச்சுகளில் ஒன்று. காது கேட்காமல் போவதைப் பற்றிப் பேசியபடியே காதல் தொடங்குகிறது! படம் முழுவதற்குமான விதை அங்கேயே விழுந்துவிடுகிறது.

இருவரும் வியன்னாவில் இறங்கிவிடுகிறார்கள். மறுநாள் காலை ஜெஸ்ஸிக்கு விமானம். விடுதிக்குப் பணமில்லை. ஆகவே விடிய விடிய தெருக்களில் நடக்க வேண்டும். உன் கதையில் அந்த இருவரும் ஏன் எழுந்து போய்விடவில்லை? இதற்கு விடை இல்லையென்றால் எவ்வளவு நல்ல வசனமும் நாலு பக்கத்துக்கு மேல் தாங்காது.

டிராம் காட்சியைத் தனியாகப் பார். பின் இருக்கையில் இருவரும் மாறி மாறிக் கேள்வி கேட்கிறார்கள். பல நிமிடம் கட் இல்லாத ஒரே ஷாட். அவள் முகத்தில் விழும் முடியை ஒதுக்க அவன் கை நீள்கிறது, அவள் திரும்பியதும் பின்வாங்குகிறது. வசனத்துக்கு வசனம் கட் செய்து முகம் மாற்றியிருந்தால் இது நமக்குக் கிடைத்திருக்காது. உன் படத்திலும் முக்கியமான இரண்டு இடங்களிலாவது இருவரையும் ஒரே ஃப்ரேமில் வை. கட் செய்தே ஆக வேண்டுமென்றால் கேட்பவர் முகத்தில் கொஞ்சம் நில்.

இசைத்தட்டுக் கடையின் சிறிய அறையில் பாடகி கேத் புளூமின் பாட்டு ஓடும்போது ஒரு வார்த்தை கிடையாது. அவள் பார்க்கும்போது அவன் வேறெங்கோ பார்க்கிறான், அவன் பார்க்கும்போது அவள். அதுவரை பேசிய பேச்செல்லாம் அந்த மௌனத்துக்குத்தான் உழைத்திருக்கிறது. பின்னால் காபிக் கடையில் விரல்களைத் தொலைபேசியாக்கி, எதிரில் இருப்பவரையே தன் ஊர்த் தோழியாக, தோழனாக வைத்துக்கொண்டு பேசுவார்கள். முகத்துக்கு நேரே சொல்லக் கூசுவதைச் சொல்ல ஒரு விளையாட்டு. நீ எழுதியிருக்கும் ‘உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது’ என்ற நேரடி வரிக்கு இப்படியொரு மறைப்பு தேவை.

பார்ப்பவர்களுக்கு இது நடிகர்கள் அப்போதைக்கப்போது பேசியது போலத் தோன்றும். அந்த எண்ணத்தை நம்பிப் படப்பிடிப்புக்குப் போகாதே. லிங்க்லேட்டரும் கிம் கிரிசானும் எழுதிய திரைக்கதை அது. நீண்ட டேக்கில் ஒருவர் தடுமாறினால் முழுவதையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும், அதனால் ஒத்திகைக்கு நாள் ஒதுக்கு. நிறுத்துகடிகாரம் வைத்து இருவரையும் உரக்கப் படிக்கச் சொல். இரண்டு பேரும் தங்கள் வரலாற்றைப் பேட்டி போல ஒப்பிக்கும் இடம் காதுக்கே தெரிந்துவிடும், அங்கே வெட்டு. நடந்துகொண்டே பேசும் காட்சிக்குக் காலர் மைக் வைத்தால் சட்டை உரசும் சத்தம் வரும். ஒத்திகையிலேயே ஹெட்ஃபோனில் கேட்டுப் பார். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடச் சூழல் ஒலி பதிவு செய். இல்லாவிட்டால் எடிட்டிங்கில் மௌனத்தை நீட்டும்போது பின்னணி திடீரென்று அறுந்துபோகும்.

முடிவில் மீண்டும் சந்திக்க ஐந்து வருடம் என்று பேச்செடுத்து, ஒரு வருடமாகி, ஆறு மாதத்தில் வந்து நிற்கிறார்கள். தொலைபேசி எண்கூட வாங்கிக்கொள்ளவில்லை. ரயில் போனதும் அவர்கள் இரவெல்லாம் இருந்த இடங்கள் காலை வெளிச்சத்தில் வெறுமையாக வரிசையாக வரும். அங்கே ஒலியை மட்டும் கூர்ந்து கேள்.

திருத்திய பிரதியை அனுப்பு, நாலாம் பக்கத்தை முதலில் படிக்கிறேன்.

அன்புடன்,
சிவா