புயல்காற்றுக்குப் பின் ஃபைபர் இணையத்தை மீட்டுத் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய அனைவருக்கும் வணக்கம்.

கடந்த மாதம் ஒரு விடியற்காலையில், மலாக்கா நீரிணையைக் கடந்து வந்த சுமத்ரா புயல்காற்று பினாங்கு கெலுகோரில் மேட்டுப் பகுதியில் உள்ள எங்கள் தாமானை, அதாவது குடியிருப்புப் பகுதியைத் தாக்கியபோது, நுழைவாயிலில் நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து, மின்கம்பியையும் தொலைத்தொடர்புக் கம்பம் ஒன்றையும் இழுத்துக்கொண்டு சாலைக்குக் குறுக்கே விழுந்தது. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் ஏதும் இல்லை. மின்சாரம் விரைவில் திரும்பிவிட்டது. ஃபைபர் இணையம் திரும்புவதற்கோ அதைவிடப் பல நாள்கள் பிடித்தன. அந்நாள்களில் எங்களுக்காக உழைத்தவர்களுக்குக் குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி தீயணைப்பு மீட்புப் படையினருக்கும், மரத்தை அறுத்து அகற்றிய மாநகர் மன்றத் தொழிலாளர்களுக்கும் உரியது. மழை விட்டதுமே பாராங் கத்தியும் கையுமாக இறங்கிய எங்களில் சிலரைத் தடுத்து, கம்பியில் மின்சாரம் இல்லை என்று மின்வாரியத்தார் உறுதிசெய்யும் வரை ஒரு கிளையைக்கூடத் தொடவிடாமல் காத்தவர்கள் அவர்கள். அந்த நேரத்தில் அது வீண் தாமதமாகத் தோன்றியதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு இந்த மாநிலத்தையே புரட்டிப்போட்ட காற்றையும் வெள்ளத்தையும், 2024 செப்டம்பரில் ஜார்ஜ்டவுன் லெபோ பிஷப்பில் கார்மீது மரம் விழுந்து சீனச் சுற்றுப்பயணிகள் இருவர் மாண்டதையும் அறிந்த எவரும் அவர்களுடைய நிதானத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். மின்வாரிய ஊழியர்களுக்கும் நன்றி. அவர்களுடைய வேலையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. விளக்கு எரிந்தது, எல்லாரும் பார்த்தோம்.

ஃபைபரின் கதை வேறு. மின்சாரம் வந்துவிட்டால் இணையமும் தானாக வந்துவிடும் என்றே பெரும்பாலோர் எண்ணியிருந்தோம். மோடத்தில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாகவே மின்னிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்பதே அதன் பொருள் என்பதால், மோடத்தை எத்தனை முறை அணைத்து ஏற்றினாலும் பயன் இல்லை. செம்புக் கம்பியாக இருந்தால் கரகரத்துக்கொண்டாவது பாதி வேலை செய்யும். இதுவோ கண்ணாடி இழை. இழுபட்டு முறிந்துவிட்டால் அவ்வளவுதான்.

இந்த இடத்தில், எங்கள் தாமானில் வாடகைக்குத் தங்கி மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மாணவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். யாரும் கேட்காமலேயே அந்தப் பெண் வீடு வீடாகச் சென்று, எந்த வீட்டில் சிவப்பு விளக்கு, எந்த வீட்டில் பச்சை, யார் புகார் செய்துவிட்டார்கள், யார் இன்னும் செய்யவில்லை என்று ஒரு தாளில் வரிசையாகக் குறித்துவைத்தார். ஒரே ஓர் இழையில் வரும் ஒளி, ஸ்பிளிட்டர் என்னும் பிரிப்பான் வழியாகப் பல வீடுகளுக்குப் பங்கிடப்படுகிறது. ஆகவே ஒரு வரிசை முழுவதும் இருண்டிருந்தால் பழுது பிரிப்பானுக்கு முன்பாக இருக்க வேண்டும். ஒரு வீடு மட்டும் இருண்டிருந்தால் அந்த வீட்டுக்கு இறங்கும் கேபிளில் இருக்க வேண்டும். பழுதுபார்க்க வந்தவர்கள் அந்தத் தாளை லோரியின் முன்பகுதியில் விரித்து வைத்துக்கொண்டுதான் தங்கள் வேலையைத் திட்டமிட்டார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தொலைபேசியில் கத்தியதைவிட அந்த ஒரு தாள் அதிகம் சாதித்தது என்பது என் கருத்து.

வந்தவர்கள் இணைப்பு வழங்கும் நிறுவனத்தின் நேரடி ஊழியர்கள் அல்லர். ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் சிறு குழுவினர், மலாய்க்காரர் இருவரும் தமிழர் ஒருவரும். மரம் விழுந்த இடத்திலேயே கேபிளைச் சேர்த்தால் வேலை முடிந்துவிடும் என்று நாங்கள் நம்பியிருக்க, அவர்கள் அங்கே ஒரு முறிவைச் சரிசெய்த பிறகும் விளக்கு சிவப்பாகவே இருந்தது. ஓடிடிஆர் என்ற கருவி இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, சிதறித் திரும்பும் ஒளியைக் கொண்டு முறிவு எத்தனை மீட்டர் தொலைவில் உள்ளது என்று காட்டுகிறது. அது காட்டிய இடம் மேட்டின் வளைவுக்கு அப்பால் இருந்தது. மரம் விழுந்த வேகத்தில் கேபிள் வெகுதூரம் வரை இழுபட்டு, அங்கே கம்பத்தில் இருந்த இணைப்புப் பெட்டிக்குள் இழைகள் அறுந்திருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் அந்தப் பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை.

அந்தப் பெட்டியைப் பிரித்து இழைகளைச் சேர்த்த இரவு வேலையைத்தான் இம்மடலில் சற்று விரிவாகப் பதிவுசெய்ய விரும்புகிறேன், ஏனென்றால் அப்போது எங்களில் பெரும்பாலோர் வீட்டுக்குள் இருந்தோம். தூறல் நிற்காததால் சாலையோரத்தில் தார்ப்பாய் கட்டி, ஒரு வீட்டிலிருந்து வாங்கிய மடக்கு மேசையில் இணைப்புக் கருவியை வைத்தார்கள். இழைகள் 12 நிறங்களில் இருக்கும். ஒருவர் ‘பீரு, ஓரேஞ்ச், ஹிஜாவ், சொக்லாட்’ (நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு) என்று மலாயில் வரிசைப்படி சொல்லச் சொல்ல, மற்றவர் மறுமுனையில் அதே நிறத்தை எடுத்துத் தந்தார். மேலுறையை உரித்து, ஆல்கஹால் தோய்த்த தாளால் துடைத்து, முனையைச் செங்குத்தாக வெட்டிக் கருவிக்குள் வைக்கிறார்கள். வெறும் கண்ணாடியின் தடிப்பு 125 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதன் நடுவே ஒளி செல்லும் பகுதி ஏறத்தாழ 9 மைக்ரான்தான். சிறு திரையில் இரு முனைகளும் நெருங்கி வர, ஒரு மின்பொறியில் அவை உருகி ஒன்றாகின்றன. பிறகு அந்த இடத்திற்கு ஒரு சிறு பாதுகாப்புக் குழலைச் சூடாக்கிப் போர்த்துகிறார்கள். ஒரு தூசி பட்டாலும் முதலிலிருந்து வெட்ட வேண்டும்.

மழைக்குப் பின் விளக்கு வைத்தால் ஈசல் வராமல் இருக்குமா? மேசை விளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்து, உதிர்ந்த இறகுகள் கருவியின்மேல் விழத் தொடங்கியபோது, எதிர்வீட்டு அம்மா ஒருவர் தம் வீட்டு வாசல் விளக்கைப் போட்டு, அதன் கீழே ஒரு பெரிய அண்டாவில் தண்ணீரை வைத்தார். தார்ப்பாய்க்குள் இருந்த விளக்கின் ஒளியைக் குறைத்ததும் ஈசல் கூட்டம் முழுவதும் அங்கே திரும்பிவிட்டது. அந்தக் குழுவின் பொறுப்பாளர் இந்தத் தொழிலில் தமக்கு யாரும் சொல்லித் தராத உத்தி இது என்று பாராட்டியதை அந்த அம்மா இன்னும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும், அவருக்கு அந்த உரிமை உண்டு.

மறுநாள் பெரும்பாலான வீடுகளில் பச்சை விளக்கு எரிந்தது. ஒரு வீட்டில் மட்டும் இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தது. அளந்து பார்த்ததில் ஒளியின் அளவு கழித்தல் 29 டிபிஎம் (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) என்று காட்டியது. கழித்தல் 27க்குக் கீழே போனால் மோடம் தடுமாறும் என்று விளக்கினார்கள். கூரை ஓரத்தில் கேபிள் கூர்மையாக மடங்கியிருந்ததே காரணம். அதை அகலமாக வளைத்துக் கட்டியதும் அளவு கழித்தல் 21க்கு வந்தது. அந்த வீட்டில் வாழும் முதியவர் தனியாக இருப்பவர், புகார் எண் கூட வாங்காதவர். பணிச்சீட்டில் இல்லாத வீட்டுக்கு அவர்கள் ஏணி வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனாலேயே அவர்களுக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாது என்பதற்காக மூவரின் பெயர்களையும் இங்கே எழுதாமல் விடுகிறேன்.

இணைப்பு வழங்கும் நிறுவனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்போதே ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி அனுப்பியதற்கு நன்றி கூற என்னால் இயலவில்லை. களத்தில் நின்றவர்களின் உழைப்பை அந்தக் குறுஞ்செய்தியோடு சேர்த்து யாரும் எடைபோட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வேறு நிறுவனத்தின் இணைப்பு அறுபடாமல் இருந்த பின்வரிசைக் குடும்பங்கள் தங்கள் வைஃபை கடவுச்சொல்லை வாசற்கதவிலேயே ஒட்டி வைத்தார்கள். அவர்கள் வீட்டு முன்கூடத்தில் எங்கள் பிள்ளைகள் பாடம் செய்தார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்காக வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் கணினியும் கையுமாக அமர்ந்திருந்தார்கள். கைத்தொலைபேசி இணையம் நெரிசலில் தவித்த அந்த வாரத்தில் இது சிறிய உதவி அல்ல. கோவில் மண்டபத்தின் ஓர் அறையைப் பகல் முழுவதும் திறந்துவைத்த நிர்வாகத்தினருக்கும், பழுதுபார்க்க வந்தவர்களுக்கு வேளை தவறாமல் தேநீரும் நாசி லெமாக்கும் கொண்டு வந்த இளைஞர்களுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

இறுதியாக, குடியிருப்பாளர்களுக்கு ஓர் அறிவிப்பு: புதிய கம்பம் நடப்படும் வரை, நுழைவாயில் அருகே தாழ்வாகத் தொங்கும் கருப்புக் கேபிள் தற்காலிக ஏற்பாடு. உயரமான லோரிகளை அந்த வழியாக விட வேண்டாம். அதில் துணி காயப்போடவும் வேண்டாம். நேற்று ஒரு கைலியை நானே எடுத்து மடித்து வைத்திருக்கிறேன், உரியவர் வந்து பெற்றுக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
செயலாளர், குடியிருப்பாளர் சங்கம்,
கெலுகோர், பினாங்கு