ஆய்வு நூல்களில் திரைப்படக் காட்சிகள்

ஆசிரியருக்கு,

திரைப்பட ஆய்வு நூலில் ஒரு காட்சியை அச்சிடக்கூடத் தயாரிப்பாளரின் அனுமதிக் கடிதம் வேண்டும் எனப் பதிப்பகங்கள் கேட்பது வேதனை தருகிறது. ஒளி விழும் கோணத்தையும் நடிகர் நிற்கும் இடத்தையும் விளக்கும் பக்கத்தில் அந்தப் படமே இல்லையென்றால், மாணவர் எதைப் பார்த்துப் புரிந்துகொள்வார்? விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள்வது உரிமை மீறல் ஆகாது என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. திரைப்படங்களுக்கு உரிமைக்காலமே 60 ஆண்டுகள்தான். 1952இல் வெளிவந்த ‘பராசக்தி’க்கு அது 2012 இறுதியில் முடிந்துவிட்டது. அதன் நீதிமன்றக் காட்சிக்கும் கடிதம் கேட்பது என்ன நியாயம்? நொடிக்கு 24 சட்டகங்கள் (தனித்தனி நிலைப்படங்கள்) ஓடும் படத்தில் ஐந்தாறை எடுத்தாள்வதால் யாருடைய வசூலும் குறையாது. பல்கலைக்கழகப் பதிப்புத் துறைகளாவது துணிந்து அச்சிட வேண்டும்.

– திரைப்பட ஆய்வு மாணவர், மதுரை