ஒரே சட்டிக் கசாயம், இரண்டு வயிறு

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் உங்கள் ஞாயிறு பதிப்பில் இனிப்பு நீருக்கு (நீரிழிவு) மரமஞ்சள் கசாயம் என்று ஒரு குறிப்பு போட்டிருந்தீர்கள். எங்கள் தாமானில் பக்கத்து வீட்டு அக்கா அதை வெட்டி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டி, பசியாறுவதற்கு முன் தினமும் ஒரு கிளாஸ் குடிக்க ஆரம்பித்தார். mmol/L கணக்கில் 11இல் இருந்த சர்க்கரை மூன்று வாரத்தில் 8க்கு இறங்கியது. அதே சட்டியில் காய்ச்சியதைத்தான் நானும் குடித்தேன். எனக்கு முதலில் 10.4, அப்புறம் 10.6. ராத்திரியில் ரொட்டி சானாய் தின்றிருப்பாய் என்கிறார் அக்கா, சத்தியமாகத் தின்னவில்லை. அவர் அந்த மாதம் தே தாரேக்கை, அதாவது இனிப்புப் பால் டீயை, விட்டதை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மரமஞ்சளில் இருப்பது பெர்பெரின் என்ற பொருள். அது அப்படியே ரத்தத்தில் சேருவது ரொம்பக் குறைவு. குடலில் இருக்கும் பாக்டீரியா அதை வேறு வடிவமாக மாற்றிக் கொடுத்தால்தான் சுலபமாக உள்ளே போகும், போன பிறகு மறுபடியும் பெர்பெரினாகவே மாறிவிடும். அந்த பாக்டீரியா எல்லார் வயிற்றிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. நாம் சாப்பிடும் சோயா உணவுகளான தெம்பேயும் தவுபூவும் இதே கதைதான். சோயாவில் உள்ள ஒரு சத்தை ஈக்குவால் என்ற பொருளாக மாற்றும் கிருமி ஆசியர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் உண்டு, வெள்ளைக்காரர்களில் இன்னும் குறைவு. மாதுளையில் இருந்து கிருமிகள் உண்டாக்கும் யூரோலித்தின் என்ற பொருள் கிடைப்பதும் எல்லாருக்கும் இல்லை.

இதில் இனிப்பு நீர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். நாம் விழுங்கும் மெட்ஃபார்மினே குடல் கிருமிகளை மாற்றிவிடுகிறது என்று 2015இலேயே ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். நான் எட்டு வருஷமாக அந்த மாத்திரை சாப்பிடுகிறேன், அக்கா போன தீபாவளிக்குப் பிறகுதான் தொடங்கினார். அதனால்தான் எனக்குக் கேட்கவில்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் அவருக்குக் கேட்டது எனக்கும் கேட்கும் என்று அந்தக் குறிப்பு எதை வைத்து எழுதியது?

என் கோபம் கசாயத்தின் மேல் இல்லை. சர்க்கரை இறங்கியதும் அக்கா தாமாகவே மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார், கிளினிக்கில் சொல்லவும் இல்லை. பெர்பெரின் சர்க்கரையைக் குறைக்கக் கூடியது, சில மருந்துகளை ஈரல் சிதைத்து வெளியேற்றுவதையும் தடுக்கும், அதனால் குடிப்பவர்கள் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் குறிப்பில் மாத்திரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இந்த நோய், நம் இந்தியர்களிடம் இன்னும் அதிகம்.

அந்த ஒரு வரியை அடுத்த ஞாயிறு கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். நான் சொன்னால் அக்கா கேட்க மாட்டார், பேப்பரில் வந்தால் அதையும் வெட்டி ஐஸ்பெட்டியில் ஒட்டுவார்.

ஒரு வாசகி,
சுங்கை சிப்புட்