ராணிக்காக ஓடிய எல்லோருக்கும் நன்றி

காவேரிப்பட்டணத்திலும் சென்னையிலும் எங்கள் நாய் ராணிக்காக அலைந்தவர்களுக்கு வணக்கம்.

முதல் நன்றி கால்நடை மருந்தகத்து டாக்டரம்மாவுக்கு. இருமுகிறாள், தின்றதை அப்படியே வெளியே தள்ளுகிறாள் என்று காட்டியபோது, வேறோர் இடத்தில் அஜீரணம் என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். டாக்டரம்மாதான் வீங்கியிருந்த முகத்தையும் கழுத்தையும் தடவிப் பார்த்து, "இது வயித்துக் கோளாறு இல்லைங்க, நெஞ்சை எக்ஸ்ரே எடுங்க" என்றார். இதயத்துக்கு முன்னால் கட்டி. நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் வரும் தைமோமா என்ற கட்டி அது, நாய்களுக்கு அபூர்வமாகத்தான் வருமாம். தலையிலிருந்து ரத்தம் இறங்கும் பெரிய சிரையை அது அழுத்தியதால்தான் முகம் வீங்கியிருக்கிறது.

ராத்திரியோடு ராத்திரியாகச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோன மாங்காய் வண்டிக்கார அண்ணன் டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. அதே இடத்தில் லிம்போமா என்ற புற்றுநோயும் வரும், அதற்குக் கீமோ, இதற்குத்தான் கத்தி என்று அங்கே புரியவைத்தார்கள். ஊசியால் செல் எடுத்துப் பார்த்து, சிடி ஸ்கேனும் எடுத்த பிறகே தேதி கொடுத்தார்கள். நெஞ்செலும்பை நடுவில் பிளந்து கட்டியை எடுத்த சர்ஜன்களுக்கும், நெஞ்சு திறந்திருந்த நேரம் முழுக்க மெஷின் வழியாக அவளுக்கு மூச்சுக் கொடுத்த மயக்க மருந்து டாக்டருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ரத்தம் கொடுத்தது ஒரு ராஜபாளையம். முன்பின் தெரியாத எங்களுக்காகத் தன் நாயைக் கூட்டிவந்த அந்தத் தம்பி, பொருத்தம் பார்த்து முடியும்வரை வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார். தெரு நாய்க்கு இவ்வளவு செலவா என்று கேட்டவர்களும் உண்டு. கேட்டுவிட்டுப் பணமும் கொடுத்தார்கள், அவர்களுக்கும் நன்றி!

கட்டி போய்விட்டது, ஆனால் அது கொண்டுவந்த தசைத் தளர்ச்சி இன்னும் போகவில்லை. உணவுக்குழாய் தொளதொளவென்று இருப்பதால் படுத்தபடி தின்றால் சோறு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். நிமிர்ந்து உட்கார்ந்தே தின்னவேண்டும், தின்றபின்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கவேண்டும். அதற்காக ஆசாரி அண்ணன் மாம்பலகையில் ஒரு நாற்காலி அடித்துக் கொடுத்தார், முன்பக்கம் தட்டு வைக்கப் பலகையோடு. ராணிக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. முட்டை வைத்தால் மட்டும் ஏறுகிறாள்.

நீங்கள் கொடுத்த பணத்தில் மிச்சம் இருப்பதை மாத்திரைக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் வைத்திருக்கிறோம். கணக்கு நோட்டு எங்கள் மளிகைக் கடையில்தான் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.