அரை இஞ்சி பைப்பும் ஆதி தாளமும்

ஆசிரியருக்கு வணக்கம்,

அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் சோதனை ரிசல்ட்ஸ் வந்தா கூடுதலா புள்ளி எடுத்த பிள்ளைகளோட போட்டோ உங்க பேப்பர்ல வருது, நானும் சந்தோசமாத்தான் பாக்குறேன். ஆனா வெட்டுப்புள்ளி கிடைக்காத பிள்ளைகள்தான் என்கிட்ட வாறது. கொட்டாஞ்சேனையில வீட்டோட சின்னதா டியூசன் வச்சிருக்கேன், பிள்ளை பக்கத்துல நிக்கும்போதே அம்மாமார் "இவனுக்கு கணக்கு ஏறாது டீச்சர்"னு சொல்லுவாங்க, பிள்ளை நிலத்தப் பாத்துட்டு நிக்கும், அத கேட்டு கேட்டு மனசு பொறுக்காமத்தான் எழுதுறேன்.

ஒரு பையன், 1/2-யும் 1/4-யும் கூட்ட சொன்னா மேல மேலயும் கீழ கீழயும் கூட்டி 2/6-னு எழுதுவான். எது பெருசு, 1/2-ஆ 3/4-ஆன்னு கேட்டா முழிப்பான். கைவேலைதான் வரும்னு ஸ்கூல்லயே சொல்லி விட்டாங்களாம். அவன்ட அப்பாக்கு பழைய சோனகத் தெருவுல ஹார்ட்வெயார் கடை, லீவுக்கு இவனும் போய் நிப்பான். ஒருநாள் சும்மா கேட்டேன், அரை இஞ்சி பைப்புக்குள்ள முக்கால் இஞ்சி பைப் போகுமாடான்னு. சிரிச்சிட்டான். "எப்பிடி டீச்சர் போகும், ரெடியூசிங் சொக்கட் போட்டுத்தான் ரெண்டையும் பொருத்தணும்." அந்த முக்கால்தான்டா இந்த 3/4-னு போர்ட்ல எழுதினதும் அவன் மூஞ்ச நீங்க பாத்திருக்கணும். பிறகு அளவு டேப்ப குடுத்தேன், அரை இஞ்சிக்கு மேல கால் இஞ்சி வச்சு முக்கால்ல கோடு போட்டான், அதுக்கு பிறகு 2/6 வரவே இல்ல.

அதே வகுப்புல பரதம் பழகுற பிள்ளைக்கு டேப் சரிவரல. ஆதி தாளத்த போட சொன்னேன், மொத்தம் 8 எண்ணிக்கை, அதுல லகுங்கிற பகுதி 4, அது அரை, துருதம்ங்கிற பகுதி ரெண்டும் 2, 2, அது கால் கால். அவளுக்கு டக்குனு விளங்கிச்சு, அத பாத்து பைப் பையனும் தாளம் போட்டுப் பழகிட்டான்.

ஹோவார்ட் கார்ட்னர்னு ஹார்வர்ட் பேராசிரியர் 1983-லயே புத்தி ஒண்டு இல்ல, மொழி, கணக்கு, இசை, உடம்பு, இடத்த மனசுல பாக்குறது, மத்தவங்கள விளங்கிறது, தன்னையே விளங்கிறதுன்னு ஏழு வகைன்னு எழுதினவர், இயற்கைய அறியிறத பிறகு சேர்த்தவர். எல்லா ஆராய்ச்சியாளர்களும் அத ஒத்துக்கொள்ளல, அது வேற கதை. எனக்கு பிடிச்சது, ஒரே விசயத்த பல வழியில சொல்லிக் குடுங்கன்னு அவர் சொல்றது. ஆனா இங்க சிலபேர் விரல் ரேகைய ஸ்கேன் பண்ணி உங்க பிள்ளைக்கு இன்ன புத்தின்னு ரிப்போர்ட் குடுத்து காசு வாங்குறாங்க. அதுக்கு விஞ்ஞான ஆதாரம் எதுவும் இல்ல, பெற்றோர் தயவுசெஞ்சு ஏமாறாதீங்க. மக்குன்னு சொல்றதும் இவன் உடம்புப் புத்திக்காரன், கணக்கு வேணாம்னு ஒதுக்கிறதும் பிள்ளைக்கு ஒண்டுதான்.

நாப்பது பிள்ளைகள வச்சிட்டு சிலபஸையும் முடிக்க வேண்டிய டீச்சர்மார்ட கஷ்டம் எனக்கு விளங்குது. எல்லா பாடத்துக்கும் முடியாது. பிள்ளைகள் வழமையா தடுக்கி விழுற பின்னம், சதவீதம் மாதிரி இடங்களுக்காவது ரெண்டாவது வழி ஒண்டு கையில இருக்கட்டும்.

உங்க மாணவர் பக்கத்துல மாதிரி வினாத்தாளுக்கு பக்கத்துல ஒரு மூலைய இதுக்கு தாங்க, டீச்சர்மார் அவங்கவங்க கண்டுபிடிச்ச வழிய எழுதட்டும். பைப் கணக்க முதலாவதா நானே எழுதி அனுப்புறேன்.

இப்படிக்கு,
ஒரு டியூசன் டீச்சர்,
கொழும்பு 13.